அப்பளத் தொழிலுக்கு விலை போட்ட ஆடிட்டர்: 29,500 ரூபாய்க்கு என்ன கிடைத்தது?

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அப்பளத் தொழிலை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தம்பிக்குச் சென்னையில் வேலை. போன ஆவணியில் அப்பா தவறினார். விட்டுப்போனவை மூன்று: தொழில், இந்தியா சிமெண்ட்ஸ் பங்கு 300, முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் போட்டிருக்கும் தொகையில், 2 லட்ச ரூபாய்க்கு அரசு கடன் பத்திரம். தொழிலை நானே வைத்துக்கொண்டு தம்பிக்குப் பாதிப் பணம் கொடுப்பது என்று பேச்சு. சண்டை இல்லை. ஆனால் எதற்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை.

முதலில் ஒருவரிடம் போனோம். வருஷ லாபத்தை ஐந்தால் பெருக்கி 31 லட்சம் என்று ஒரே வரியில் எழுதிக்கொடுத்து 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஏன் ஐந்து என்று கேட்டேன். “வழக்கம்” என்றார். அதில் பாதியைக் கொடுக்க நான் வீட்டை அடமானம் வைக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் தூக்கமில்லை.

அப்புறம்தான் பாளையங்கோட்டையில் இந்த ஆடிட்டரிடம் போனோம். இவர் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரும்கூட. 2013 கம்பெனிச் சட்டத்தின் 247ஆவது பிரிவிலும் 2017இல் வந்த விதிகளிலும் இதற்கு இடம் இருக்கிறது. நிலமும் கட்டடமும், எந்திரங்கள், பங்கு பத்திரம் மாதிரி நிதிச் சொத்துகள் என்று மூன்று பிரிவாகப் பதிவு செய்கிறார்கள். எங்களுடையது குடும்பப் பங்கீடு, அதற்குச் சட்டக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் பதிவு எண்ணைக் கேட்டேன், தயங்காமல் காட்டினார். நீங்களும் கேளுங்கள்.

கணக்கு நோட்டை வாங்கி வைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ ஊருக்கே வந்துவிட்டார். மாவு பிசையும் இடம், காயவைக்கும் மாடி, தகர டப்பாக்கள் எல்லாவற்றையும் பார்த்தார். ஐப்பசி கார்த்திகையில் எத்தனை நாள் வெயில் கிடைக்காது, உளுந்து விலை ஏறினால் அப்பள விலையை எத்தனை நாளில் ஏற்ற முடியும், ஓணத்துக்குக் கேரளாவிலிருந்து வரும் ஆர்டர் வருஷ விற்பனையில் எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு பேரேட்டைத் திறந்து விரலை வைத்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“உங்க சம்பளம் எந்தப் பக்கத்துலம்மா இருக்கு?”

“நான் எதுக்கு சார் சம்பளம் எடுக்கணும், நம்ம தொழில்லா?”

தம்பி பக்கத்தில்தான் இருந்தான். “எக்கா, அப்போ இத்தன வருசமும் நீ சும்மாவா வேல பாத்தே?” என்றான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. காபி போட உள்ளே போய்விட்டேன்.

இந்த மதிப்பீட்டின் உயிரே அந்தக் கேள்விதான். வரி போக வருஷ லாபம் 6,20,000 ரூபாய். நான் பார்க்கும் வேலைக்கு இன்னொருவரை வைத்தால் மாதம் 25,000, ஆக 3 லட்சம். தொழில் நடக்கும் வீடு அம்மா எனக்கு எழுதிவைத்தது, அதற்கு வாடகை வருஷம் 60,000. எந்திரத் தேய்மானத்துக்கு 20,000. இவ்வளவும் கழித்தால் தொழில் தன்னால் சம்பாதிப்பது 2,40,000 ரூபாய்தான். முதலாமவர் என் உழைப்பையும் சேர்த்து ஐந்தால் பெருக்கி, அதற்கு நானே விலை கொடுக்கும்படி செய்திருந்தார்.

அடுத்து அந்த 2,40,000ஐ இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தார். அது வருஷம் 4 சதவீதம் வளரும் என்று வைத்துக்கொண்டார். இப்படிப்பட்ட சின்னத் தொழிலில் பணம் போடுபவர் 18 சதவீதமாவது எதிர்பார்ப்பார் என்றும் வைத்தார். அடுத்த வருஷ வரவு 2,49,600. அதை 18க்கும் 4க்கும் உள்ள வித்தியாசமான 14 சதவீதத்தால் வகுத்தால் ஏறக்குறைய 17.8 லட்சம். 18 எதற்கு என்று விடாமல் கேட்டேன். ஆபத்தில்லாத அரசு பத்திரத்தின் வட்டியில் தொடங்கி, ஒரே ஆளை நம்பிய தொழில், மழை, உளுந்து விலை, கேரளாவில் நிற்கும் கடன் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கூட்டினார் என்று தாளில் காட்டினார். 16 என்று மாற்றினால் 20.8 லட்சம் வருகிறது. 18ஐ அப்படியே விட்டு வளர்ச்சியை 2 ஆக்கினால் 15.3 லட்சம். முடிவு எந்த இடத்தில் அசைகிறது என்று நாங்களே பார்த்தோம். தம்பிக்கு நம்பிக்கை வந்தது அங்கேதான்.

எந்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கொடுக்கவேண்டியதைக் கழித்த சொத்து மதிப்பு தனியாக 9.4 லட்சம். ஊர்ப் பேருக்கு, தாமிரபரணித் தண்ணிக்கு என்று தனி விலை இல்லையா என்று கேட்டேன். அந்தப் பேரால்தான் 2,40,000 வருகிறது, மறுபடி சேர்த்தால் இரண்டு தடவை எண்ணியதாகிவிடும் என்றார். 17.8இல் 9.4 போக மிச்சம் 8.4 லட்சம், அதுதான் அந்தப் பேர்.

கடன் பத்திரத்துக்கு அதிக நேரம் ஆகவில்லை. 100 ரூபாய் முகமதிப்பு, வருஷத்துக்கு ஒரு தடவை 7 சதவீத வட்டி, முதிர்வுக்கு 10 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை 8 சதவீதம் கேட்டால் அதன் இன்றைய விலை 93.29, 6 சதவீதம் போதும் என்றால் 107.36. வட்டி ஏறினால் பழைய பத்திரம் விலை இறங்கும். தம்பி முகமதிப்பில் பிரித்தால் போதும் என்று நினைத்திருந்தான்.

சிமெண்ட் பங்கு அப்பாவுக்குப் பிரியமானது. 1949இல் ஓடத் தொடங்கிய சங்கர் நகர் ஆலையைத் தாழையூத்து வழியாக ரயிலில் போகும்போதெல்லாம் எங்களுக்குக் காட்டுவார். ஆடிட்டர் அதையே பாடமாக்கினார். 2024 ஜூனில் அல்ட்ராடெக் என்ற இன்னொரு சிமெண்ட் கம்பெனி இந்தியா சிமெண்ட்ஸில் ஏறக்குறைய 23 சதவீதத்தை, பங்குக்கு அதிகபட்சம் 267 ரூபாய் கொடுத்து வாங்க முடிவெடுத்தது. அடுத்த மாதமே நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர்களின் 32.72 சதவீதத்துக்கு 390 ரூபாய் ஒத்துக்கொண்டது. ஆலையும் அதே, சுண்ணாம்புக்கல்லும் அதே. கூடுதல் பணம் நிர்வாகம் கைக்கு வருவதற்கு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிப்படி பொதுமக்களிடமும் 26 சதவீதத்தை வாங்க முன்வந்தார்கள், அதற்கும் 390தான். அப்பா கொடுக்கவில்லை. சிமெண்ட் கம்பெனியை வாங்குபவர்கள் ஒரு டன் உற்பத்தித் திறனுக்கு என்ன விலை என்றும் கணக்குப் பார்ப்பார்களாம். எங்கள் 300 பங்குக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. நாங்கள் ஒத்துக்கொண்ட தேதியின் சந்தை விலையையே எழுதினார்.

குறைகளும் உண்டு. 15 நாள் என்று சொல்லி 36 நாள் ஆக்கினார்கள். அறிக்கை 31 பக்கம், முழுக்க ஆங்கிலம். அப்பளம் இடுகிற ஊருக்கு எழுதும் அறிக்கையில் இரண்டு பக்கமாவது தமிழ் இருக்க வேண்டாமா? கேட்டபோது உட்கார்ந்து வாயால் சொன்னார்களே தவிர எழுதித் தரவில்லை. அலுவலகம் இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. மூட்டு வலி உள்ளவர்கள் முதலிலேயே சொன்னால் கீழே இறங்கி வருகிறார்கள்.

கட்டணம் 25,000, ஜிஎஸ்டி 4,500. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. 8.9 லட்சத்தை நான்கு தவணையில் தம்பிக்குக் கொடுப்பதாக எழுதிக்கொண்டோம், முதல் தவணை ஓணம் ஆர்டர் பணம் வந்ததும். கணக்குப் போட்ட எக்ஸெல் கோப்பையும் பென் டிரைவில் கொடுத்தார்கள். போன வாரம் உளுந்து விலையை அதில் மாற்றிப் பார்த்தேன். கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏற்றியதுமே தொழிலின் மதிப்பு கீழே இறங்கியது. அன்றைக்கே அம்பாசமுத்திரம் மொத்தக் கடைக்குப் போன் போட்டு இரண்டு மாதச் சரக்குக்கு விலை பேசினேன்.