முன்னால் மூன்று பல்சக்கரமா, ஒன்றா?
விலை குறைந்த மலை சைக்கிள்களில் இன்றும் காணப்படும், முன்னால் மூன்றும் பின்னால் எட்டும் கொண்ட பல்சக்கர அமைப்பைப் பேணி ஓட்டுவதா, அல்லது சைக்கிள் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோ நிறுவனம் 2020இல் டியோர் என்ற தன் பாக வரிசையில் வெளியிட்டது போல முன்னால் ஒன்றும் பின்னால் பன்னிரண்டும் கொண்டதற்கு மாறுவதா என்ற கேள்வி, பொழுதுபோக்காக ஓட்டுபவர்களுக்கு ஒருநாள் வந்தே தீரும். வீச்சை, அதாவது மிகக் கடினமான கியர் மிக இலகுவான கியரைப் போல எத்தனை மடங்கு என்பதை, மட்டும் பார்த்தால் பழையது தோற்றுவிடவில்லை: முன்னால் 42, 32, 22 பற்களும் பின்னால் 11 முதல் 32 பற்களும் இருந்தால் அதன் வீச்சு ஏறக்குறைய 555 சதவீதம், 10 முதல் 51 பற்கள் கொண்ட புதியதற்கு 510 சதவீதமே. ஆயினும் புதியதில் முன்னால் 32 பற்கள் பொருத்தினால் செங்குத்தான ஏற்றத்துக்கான கியர் சற்று இலகுவாகவே அமையும். பின்பக்கக் கியர் மாற்றியில் உள்ள கிளட்ச் செயினை இறுக்கிப் பிடிப்பதால், கரடுமுரடான இறக்கத்தில் அது கழன்று விழுவதும் குறையும்.

செலவுதான் இடறுகிறது. அந்த 10–51 கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி), மைக்ரோ ஸ்ப்ளைன் என்ற வகை ஃப்ரீஹப்பில் (பின்சக்கர நடுவில் கேசட்டைத் தாங்கும் பகுதி) மட்டுமே ஏறும் என்பதால், பல வேளைகளில் பின்சக்கரத்தையே மாற்ற நேரும். 12 கியர் செயினை, தேய்ந்து 0.5 சதவீதம் நீண்டவுடனே மாற்ற வேண்டும். எட்டுக் கியர் செயின் 0.75 வரை பொறுக்கும், விலையும் குறைவு. மண்பாதையில் எப்போதாவது ஓட்டுபவர் பழைய அமைப்பிலேயே செயினையும் கேசட்டையும் புதுப்பித்து, மிஞ்சும் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம் என்பதே என் கருத்து.