ஃப்ளை ஃபிஷிங் கிட்டு: ராடுக்காக வாங்காதீங்க, வைஸுக்காக வாங்குங்க

எங்க அண்ணன் மிலிட்டரில இருந்து வந்தவரு. இடது கையில கட்டைவிரலும் ஆள்காட்டி விரல்ல பாதியுந்தான் மிச்சம். அவருக்காக ஆன்லைன்ல வாங்குன ஃப்ளை ஃபிஷிங் கிட்டு இது. ஃப்ளைன்னா தூண்டில் முள்ளுல இறகும் நூலும் சுத்தி பூச்சி மாதிரி கட்டற பொய் இரை, அத வெச்சு மீன் புடிக்கறதுதான் ஃப்ளை ஃபிஷிங். ஒன்பது அடி ராடு, நாலு துண்டா கழட்டி மாட்டலாம், ரீல், லைன், அப்புறம் ஃப்ளை கட்டறதுக்கு வைஸ் (முள்ள கவ்விப் புடிக்கற சின்ன இடுக்கி), பாபின் (நூல்கண்டு மாட்டற பிடி), கொஞ்சம் இறகு, முள்ளு எல்லாம் ஒரே பெட்டில வருது. விலை ஆறாயிரத்துச் சொச்சம்.

இத ஏன் வாங்குனேன்னா, அமெரிக்காவுல ப்ராஜெக்ட் ஹீலிங் வாட்டர்ஸ்னு ஒரு அமைப்பு இருக்குங்க. 2005ல வாஷிங்டன்ல அப்ப இருந்த வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரில ஆரம்பிச்சது, ஆரம்பிச்சவரு எட் நிக்கல்சன், ரிட்டயர்டு நேவி கேப்டன். அடிபட்டு வந்த சோல்ஜருங்களுக்கு ராடு வீசவும் ஃப்ளை கட்டவும் சொல்லிக் குடுக்கறாங்க, காசு வாங்கறதில்ல. அதப் பத்தி படிச்சிட்டு அண்ணன்கிட்ட சொன்னா, "ஏண்டா, காவேரில மண்புழு போட்டா மீன் மாட்டாதா, இதுக்கு வெள்ளக்காரன் தூண்டில் வேற வேணுமா"ங்கறாரு. கேள்வி நியாயந்தான்.

மொதல்ல ராடு. நம்ம தூண்டில்ல ஈயக்குண்டுதான் நூல இழுத்துட்டுப் போய் விழும், இதுல ஃப்ளைக்கு வெயிட்டே கிடையாது, லைனுதான் வெயிட்டு, அத பின்னாடி வீசி முழுசா நீள்ற வரைக்கும் ஒரு நொடி நிறுத்தி அப்புறம் முன்னாடி வீசணும். அவசரப்பட்டா எல்லாம் தலைமேலயே விழுது. அண்ணன் வலது கையால வீசறதுல பிரச்சனை இல்ல, ஆனா மிச்ச லைன இடது கையில புடிச்சு இழுக்கணுமே, அது வழுக்குது, அதனால வலது கை விரலுக்கடியில லைன அழுத்திப் புடிச்சு இடது கையால சும்மா கொக்கி மாதிரி மாட்டி இழுக்கறாரு, இப்ப பழகிடுச்சு. ரீலு பிளாஸ்டிக், சத்தம் போடுது. லைன் பெட்டில சுத்தியே கெடந்து சுருள் சுருளா நிக்குது, வெதுவெதுப்பான தண்ணில ஊற வெச்சு இழுத்து விட்டாத்தான் அடங்குது. கம்பெனிக்கு மெயில் போட்டா பதிலே இல்ல. ராடுக்கு அஞ்சுக்கு ரெண்டு.

ஏற்காடு ஏரிக்கரையில இத வீசலாம்னு யாரும் கனவு காணாதீங்க, பின்னாடி மரமும் டூரிஸ்ட்டும்தான் மாட்டும். பூலாம்பட்டி பக்கம் பின்னாடி வெட்டவெளியா இருக்கற கரை பாருங்க, குத்தகைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு. ஜிலேபி மீன் சின்ன ஃப்ளைக்கு நல்லாவே வருது. ட்ரௌட் மீனெல்லாம் இங்க கெடையாது, அதுக்கு ஊட்டி பக்கம் அவலாஞ்சி போகணும்.

இப்ப வைஸுக்கு வர்றேன், காசு குடுத்ததே இதுக்குத்தான்னு வெச்சுக்கங்க. முள்ள வைஸ்ல மாட்டிட்டா அத புடிக்க ஒரு கை தேவையில்ல. அதவிட பாபின், அது நூல்ல தொங்கிட்டு தன் வெயிட்டுலயே நூல டைட்டா வெச்சிருக்கும், நடுவுல கைய எடுத்துட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்துனது பிரியாது. அண்ணனுக்கு இடது கை சீக்கிரம் மரத்துப் போயிரும், பாதில நிறுத்தறதுதான் அவருக்கு எந்த வேலைலயும் எரிச்சல், இதுல அந்தத் தொல்லையே இல்ல. அந்தப் பாதி விரலால சேவல் இறகோட நுனிய அழுத்திப் புடிச்சிக்கறாரு, வலது கையால சுத்தறாரு, மூக்குக் கண்ணாடிய எறக்கி விட்டுட்டு மூச்சு விடாம. பிசியோகாரர் பந்து அமுக்கச் சொன்னப்ப அமுக்காத மனுஷன்.

கிட்டுல வந்த இறகு பூச்சி அரிச்சு நாத்தம் புடிச்சு வந்துச்சு, தூக்கிப் போட்டோம். அதுக்கா பஞ்சம்? நாட்டுச்சேவல் கழுத்து இறகு கறிக்கடையில சும்மா தர்றாங்க, இந்தியச் சேவல் இறகத்தான் வெளிநாட்டுக் கடைலயே ஃப்ளை கட்டறதுக்கு விக்கறாங்க. தோட்டத்துல உதிர்ந்த மயில் இறகு, அம்மாப்பேட்டைல தறி வெச்சிருக்கற சொந்தக்காரர் குடுத்த பட்டு நூல் மிச்சம், மோட்டார் வைண்டிங் கடையில மெல்லிசு செம்புக் கம்பி. முள்ளுல இருக்கற எதிர்க்கொக்கிய பிளையர்ல அமுக்கி விட்ருங்க, மீன விடறதும் ஈசி, கையில குத்துனாலும் வெளிய வந்துரும்.

கரையில ஒக்காந்து ஃப்ளைய நூல்ல முடிச்சு போடறது அண்ணனுக்கு முடியல. வீட்லயே வைஸ்ல வெச்சு முடிஞ்சு, மறுமுனைல ஒரு வளையம் போட்டு தீப்பெட்டில சுத்தி வெச்சிக்கறாரு. அங்க போய் வளையத்துக்குள்ள வளையம் மாட்டுனா வேலை முடிஞ்சுது.

தூக்கம் வந்துச்சா, கெட்ட கனவு போச்சான்னு யாராச்சும் கேப்பீங்க. இது மருந்து இல்லீங்க, மாத்திரையும் டாக்டரும் அப்படியேதான் ஓடுது. ராத்திரி முழிப்பு வந்தா முன்னெல்லாம் டிவி ஓடும், இப்ப சில நாள் டேபிள் லைட்டு எரியுது, அவ்ளோதான் நான் பார்த்தது.

வைஸுக்கு அஞ்சுக்கு நாலரை. தனியாவும் விக்கறாங்க, வாங்கறதா இருந்தா டேபிள் விளிம்புல திருகி மாட்டற டைப் பார்த்து வாங்குங்க. அடில தட்டு வெச்சு நிக்கற டைப் கை பலமில்லாதவங்களுக்கு ஆகாது, நூல இழுக்கும்போதெல்லாம் நகரும்.