மூடிய பெட்டிக்குள் பார்க்க இந்த சென்சார்கள் போதுமா?

மூடியிருக்கும் அட்டைப்பெட்டியைத் திறக்காமலே உள்ளே பொருள் இருக்கிறதா என்று தெரிய வேண்டும், என் தேவை அவ்வளவுதான். எந்தப் பொருளையும் கண்டுபிடிக்கும் என்று விற்பனை விவரத்தில் போட்டிருந்ததை நம்பி ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சாரும் கூடவே சின்ன அகச்சிவப்பு சென்சார் ஒன்றும் வாங்கினேன். இரண்டு வாரம் விதவிதமாக வைத்துப் பார்த்தாகிவிட்டது. இந்த வேலைக்கு என்றால் வாங்காதீர்கள்.

அல்ட்ராசோனிக் சென்சார் நல்ல பொருள், அதில் சந்தேகமே இல்லை. 5 வோல்ட்டில் ஓடும், 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி எதிரொலி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை தூரம் சொல்லும். சுவருக்கு எதிரே வைத்து டேப்பால் சரிபார்த்தேன், அரை செ.மீ. கூடத் தவறவில்லை. ஆனால் பெட்டிக்கு எதிரே வைத்தால் காலிப் பெட்டிக்கும் 20 செ.மீ., நிறைந்த பெட்டிக்கும் அதே 20 செ.மீ. காற்றில் போகும் ஒலி கெட்டியான பொருளில் முட்டினால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். துளி உள்ளே நுழைந்தாலும் அது மறுபடி காற்றில் இறங்கி, பொருளில் பட்டு, அட்டையைத் தாண்டி வெளியே வருவதற்குள் எதுவும் மிஞ்சாது. சென்சாரை இயக்கும் புரோகிராமை மாற்றினால் சரியாகும் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தேன், அது புரோகிராமில் தீர்கிற விஷயமே இல்லை.

அப்புறம் ஸ்கேனில் மட்டும் வயிற்றுக்குள் எப்படித் தெரிகிறது? அங்கே ஜெல் தடவி நடுவிலிருக்கும் காற்றை விரட்டிவிடுகிறார்கள், ஒலியும் மெகாஹெர்ட்ஸ் கணக்கில் போகிறது, உடம்பில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் தடையில்லாமல் இறங்குகிறது. இரும்புக் குழாயின் தடிமனை வெளியிலிருந்தே அளக்கும் கருவியும் இப்படித்தான். ஹெச்சி-எஸ்ஆர்04 காற்றில் வேலை செய்வதற்கென்றே செய்யப்பட்டது, அதில் ஜெல் தடவி வீணாக்க வேண்டாம்.

அகச்சிவப்பு சென்சாரும் அட்டையைத் தாண்டவில்லை. வெளிச்சம் பட்டுத் திரும்புகிறதா இல்லையா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும், கறுப்புப் பரப்பாக இருந்தால் அதுவும் சந்தேகம். ஆனால் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: ரிமோட்டின் முன்பக்கம் இருக்குமே கருமையான பிளாஸ்டிக், அதற்குப் பின்னால் வைத்தால் ஒன்றுமே இல்லாதது போல ஊடுருவிப் பார்க்கிறது! நம் கண்ணுக்கு மறைப்பாகத் தெரிவதெல்லாம் அகச்சிவப்புக்கு மறைப்பு இல்லை. உங்கள் டப்பா அப்படிப்பட்ட பிளாஸ்டிக்காக இருந்தால் தாராளமாக வாங்கலாம். தெர்மல் கேமராவை நினைத்து ஆசைப்படவும் வேண்டாம், அது காட்டுவது மேற்பரப்பின் சூட்டைத்தான்.

கடைசியில் பெட்டிக்கு அடியில் எடை பார்க்கும் லோட் செல் வைத்தேன், முதல் நாளே சரியாக வேலை செய்தது. தண்ணீர்த் தொட்டி என்றால் இதே அல்ட்ராசோனிக்கை மூடியின் உட்புறம் கீழ்நோக்கி மாட்டுங்கள், நீர்மட்டம் அழகாக வரும், தண்ணீர் சென்சாருக்கு 2 செ.மீ.க்குள் வராமலும் சென்சாரில் ஈரம் படாமலும் பார்த்துக்கொண்டால் சரி. தொட்டியில் ஓட்டை போட முடியாது, அது பிளாஸ்டிக் என்றால் வெளியே ஒட்டினாலே உள்ளே தண்ணீர் இருப்பதை மின்புலத்தால் உணரும் கெபாசிட்டிவ் சென்சார் போதும். உலோகத் தொட்டிக்கு அது உதவாது.