மெயில் டெஸ்டிங் சேவை என்று 40,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள், யாரும் ஏமாறாதீர்கள்

40,000 ரூபாய் போச்சு. ஒரு வருடச் சந்தா, மொத்தமும் முன்கூட்டியே கட்டியது. மார்க்கெட்டிங் மெயிலை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் முன் சோதித்துத் தருகிற ஆன்லைன் சேவை அது. ஜிமெயில், அவுட்லுக், ஆப்பிள் மெயில் என்று ஒவ்வொன்றிலும் நிஜமாகத் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தருவோம் என்று விற்கிற வகை. பேங்கில் டிஸ்ப்யூட் போட்டிருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இதே வித்தையை இன்னும் எத்தனை பேரிடம் காட்டப்போகிறார்களோ, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பணம் கட்டும் முன் அவர்கள் ஆள் ஒருவர் வீடியோ காலில் வந்தார். அவ்வளவு பொறுமை, அவ்வளவு மரியாதை. எங்கள் மெயிலையே ஏற்றிக் காட்டினார். வரிசையாகப் பச்சை டிக். “பாருங்க சார், அவுட்லுக்லயும் அப்படியே வருது” என்று அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். அவுட்லுக்கோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அந்த வார்த்தை காதில் விழுந்தால் எவ்வளவு நிம்மதி என்று. “இனிமே அனுப்புறதுக்கு முன்னாடி இந்த டிக்கைப் பார்த்தா போதும் சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்” என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் 40,000 கட்டினேன்.

அதன்பின் எங்கள் தள்ளுபடி அறிவிப்பை முழுப் பட்டியலுக்கும் அனுப்பினோம். சோதனையில் எல்லாம் பச்சை. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன: “ஆர்டர் பண்ற பட்டன் எங்கேங்க?” அவுட்லுக்கில் பட்டனின் பின்னணி நிறம் வரவே இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. ஜிமெயிலில் இன்னும் மோசம். மெயிலின் எச்டிஎம்எல், அதாவது அதன் பின்னால் இருக்கும் கோடிங், 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். எங்களுடையது தாண்டியிருந்தது. கீழே இருந்த அன்சப்ஸ்கிரைப் லிங்க் அதோடு போய்விட்டது. வேண்டாம் என்று நினைத்தவர்கள் என்ன செய்வார்கள்? ஸ்பாம் பட்டனை அழுத்துவார்கள், அழுத்தினார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தை எட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது கூகுள். கட்டிக் காத்த டொமைனின் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) நற்பெயருக்கு விழுந்த அடி இது. 40,000 ஒரு பக்கம், இதை யார் ஈடுகட்டுவது?

அப்புறம் அந்த ஸ்க்ரீன்ஷாட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். வயிறு எரிந்துவிட்டது. விண்டோஸின் பழைய அவுட்லுக் 2007 பதிப்பிலிருந்தே மெயிலைக் காட்ட வேர்டின் இன்ஜினைத்தான் பயன்படுத்துகிறது. தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் கோடிங்கில் எழுதுகிற வளைந்த மூலையும் அதற்குத் தெரியாது, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறும் கிரேடியன்ட் நிறமும் தெரியாது. இவை அந்த அவுட்லுக்கில் தெரிய, அதற்கென்று தனியாக எழுதும் விஎம்எல் என்ற கோடிங் எங்கள் மெயிலில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் அவர்கள் கொடுத்த அவுட்லுக் படத்தில் பட்டன் மூலைகள் அழகாக வளைந்து, நிறம் பளபளக்கிறது! ஜிமெயில் படத்தில் மெயில் கடைசி வரி வரை வெட்டுப்படாமல் தெரிகிறது. எல்லாப் படங்களிலும் ஒவ்வொரு வரியும் அதே சொல்லில் மடங்குகிறது. பிரவுசரில் ஒரே ஒரு முறை திறந்து எடுத்த படத்துக்கு வெவ்வேறு ஃபிரேம் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சோதனை என்று ஒன்று நடக்கவே இல்லை.

சப்போர்ட்டில் கேட்டால் முதலில் “பிரவுசர் கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க”. பிறகு “உங்க டெம்ப்ளேட்தான் பிரச்சினை”. டெம்ப்ளேட்டில் உள்ள பிரச்சினையைக் கண்டுபிடிக்கத்தானே ஐயா உங்களுக்குக் காசு? அவர்கள் கொடுத்த படத்தையும் நிஜத்தில் தெரிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். “டெக்னிக்கல் டீமுக்கு ஃபார்வர்ட் பண்ணிருக்கோம்” என்றார்கள். டிக்கெட்டைத் தாங்களாகவே மூடிவிட்டார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதும், “சோதனை கிரெடிட்டைப் பயன்படுத்திட்டீங்க, ரீஃபண்ட் வராது”. வீடியோ காலில் அவ்வளவு இனிக்க இனிக்கப் பேசிய மனிதர் என் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடவே இல்லை. 40,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு மன்னிப்புகூட இல்லை!

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஒத்துழைக்கவில்லை. அவசரத்துக்கு இவை:

எந்தச் சேவையாக இருந்தாலும் காசு கொடுக்கும் முன், வேண்டுமென்றே கெடுத்த ஒரு மெயிலைப் போட்டுப் பாருங்கள். 102 கேபிக்கு மேல், கிரேடியன்ட் பட்டனோடு. அதற்கும் பச்சை டிக் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜிமெயில், அவுட்லுக், ஒரு ஐபோன், ஒரு ஆண்ட்ராய்டு, இவற்றில் நீங்களே திறந்து பாருங்கள், டார்க் மோடிலும். நிஜமாக அனுப்பப்போகிற சாஃப்ட்வேரிலிருந்தே டெஸ்ட் மெயில் போகட்டும். ஜிமெயிலில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்தினால் மெயில் உண்மையில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகள் மூன்றும் பாஸா என்று காசில்லாமலே தெரியும்.

வருடச் சந்தா வேண்டவே வேண்டாம், மாதச் சந்தா போதும். ஆட்டோ ரினியூவலை இன்றைக்கே நிறுத்துங்கள். அவர்கள் தரும் ரிப்போர்ட்டுகளை எல்லாம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், ரீஃபண்ட் கேட்ட மறுநாளே என் அக்கவுன்ட்டைப் பூட்டிவிட்டார்கள்.