ஷாத்தோநெஃப் டு பாப் கிரெனாஷ்: ஸ்கோர் பாத்து வாங்கினது

ரேட்டிங் பெருசா இருக்கேன்னு தான் இந்த சிவப்பு ஒயின் பாட்டில எடுத்தேன், தொறந்த உடனே குடிச்சது என் தப்பு, முதல் மடக்குலயே சாராய நெடி மூக்குல ஏறிடுச்சு, லேபிள்ல ஆல்கஹால் 15 சதவீதம்னு போட்டிருக்கான், பின்ன எப்படி இருக்கும். டிகான்டர்ல (ஒயின காத்தாட விடுற வாயகன்ற கண்ணாடி குடுவை) ஊத்தி ஒரு மணி நேரம் விட்டு லேசா குளிர வச்சு குடிச்சா ஆளே மாறிடுச்சு. ஸ்ட்ராபெரி ஜாம் வாசம், பின்னாடியே மிளகு, அப்புறம் வெயில்ல காஞ்ச மூலிகை மாதிரி ஒண்ணு. கலர் கொஞ்சம் வெளிறி தான் இருக்கும், கிளாஸுக்கு பின்னாடி விரல வச்சா தெரியுது, கிரெனாஷ்ங்கிற இந்த திராட்சைக்கு தோல் மெல்லிசு, அத குறைன்னு சொல்ல மாட்டேன்.

ஊரு பிரான்ஸ்ல ரோன் ஆத்துப் பள்ளத்தாக்கோட தெற்குல, அவிஞோன் நகரம் பக்கம். 14ஆம் நூற்றாண்டுல போப்புங்க அங்க இருந்ததால தான் பேருல இந்த ‘பாப்’ (போப்). நிறைய தோட்டத்துல மண்ணே தெரியாது, உருண்டை உருண்டையா கூழாங்கல்லு தான், பகல்ல வாங்குன சூட்ட ராத்திரி கொடிக்கு விடும், மேல மிஸ்த்ரால் காத்து ஈரத்த காய வச்சிடும், அதான் பழம் நல்லா பழுத்து, இனிப்பு கூடி, ஆல்கஹாலும் இப்படி ஏறுது.

ஸ்கோர் கொஞ்சம் ஓவர் தான், ஆனா மூடி வச்ச மிச்சம் ரெண்டாவது நாள் செம்மயா இருந்துச்சு.