ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும் எஸ்பில்ட்

பண்டாரவளையில் இருக்கும் நண்பர் ஒருவர், தாம் எழுதிய நிரலை டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நிறுவத்தக்க பொதியாக்க, பொதி கட்டும் கருவியான எஸ்பில்டைப் பழகலாமா என்று கடந்த வாரம் கேட்டார். மின்னலில் பழுதான என் மடிக்கணினி புதிய வன்தட்டுடன் அப்போதுதான் ஹட்டனிலிருந்து வீடு வந்திருந்தது. இறக்கிய பொதிகளைச் சேமித்து மீண்டும் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற கருவியில் ஐந்து ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த கிடங்கு பழைய தட்டோடு போயிருந்தது. அதனால் என் பதிலில் சூடு இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு முறை பொதி கட்டும்போதும் எஸ்பில்ட் மிகச் சிறிய டெபியன் சூழல் ஒன்றைப் புதிதாகத் திறந்து, பொதியின் விவரங்களைக் கொண்ட கன்ட்ரோல் கோப்பில், கட்டத் தேவையானவற்றைப் பட்டியலிடும் பில்ட்-டிபெண்ட்ஸ் பகுதியில் எழுதியிருப்பவற்றை அதற்குள் நிறுவி, வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடும். என் நிரல், சாளரங்களை அமைக்க உதவும் கியூடி நூலகத்தைச் சார்ந்தது. கட்டும் படிகளைச் சொல்லும் ரூல்ஸ் கோப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் அந்நூலகத்தின் நிரலாக்கப் பொதிகள் அத்தனையும் மீண்டும் இறங்க வேண்டும். மழை வலுத்தால் சமிக்ஞை ஒரே கோட்டுக்கு வந்துவிடும் மலைச்சரிவில், கைப்பேசித் தரவை நம்பியிருக்கும் தோட்டப்புற வீட்டுக்கு இது சிறிய குறை அன்று. ஆப்ட்-கேச்சர்-என்ஜி இறக்கியதைச் சேமித்துத் தரும் என்பது உண்மைதான். ஆனால் புதிய பொதிகளை டெபியனின் வளர்ச்சிக் கிளையான சிட்டில்தான் கட்ட வேண்டும். அங்கே பதிப்புகள் நாள்தோறும் மாறுவதால் சேமித்தது விரைவிலேயே பழையதாகிவிடுகிறது. கணினி திரும்பி வந்த முதல் இரவிலேயே மாதத் தரவின் பெரும்பகுதி தீர்ந்தது. பொதி கட்டி முடியுமுன் மின்சாரமும் நின்றது.

ஆயினும் 2022இல் நடந்ததை நான் மறைக்க முடியாது. எழுத்துப்பிழை திருத்தும் வசதியைச் சேர்த்தபோது, தூய சூழல் இன்றி நேரடியாகக் கட்டும் டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் என் கணினியில் தடையின்றிப் பொதியைத் தந்தது; எஸ்பில்டோ எழுத்துப்பிழை திருத்தும் நூலகமான ஹன்ஸ்பெல்லின் தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்று உடனே நின்றுவிட்டது. வேறு வேலைக்காக எப்போதோ நிறுவியிருந்ததால், அதைக் கன்ட்ரோல் கோப்பில் எழுத வேண்டும் என்ற எண்ணமே எனக்கு எழவில்லை. இயங்குவதற்குத் தேவையான பகிர்நூலகங்களை டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ் என்ற கருவி தானே கண்டறிந்து எழுதும். கட்டுவதற்குத் தேவையானவற்றை நாமே எழுத வேண்டும். நம் கணினியில் கட்டிய பொதிகளை 2019 முதல், அடுத்த வெளியீடு உருவாகும் டெஸ்டிங் கிளை ஏற்பதில்லை; டெபியனின் வழங்கிகளே மூலத்திலிருந்து மீண்டும் கட்டுகின்றன, அவையும் எஸ்பில்டையே பயன்படுத்துகின்றன. அன்று எஸ்பில்ட் என்னை மறித்திராவிட்டால், அதே தவறு அந்த வழங்கிகளில் எல்லோர் முன்னிலையிலும் வெளிப்பட்டிருக்கும். அதற்கான நன்றி எனக்கு இன்றும் உண்டு.

இருந்தும், அதே வேலையைச் செய்யும் பிபில்டர் கருவியைப் பழகுங்கள் என்றே நண்பருக்கு எழுதினேன். அதுவும் தூய சூழலில்தான் கட்டுகிறது. இறக்கிய பொதிகளைத் தன் கிடங்கில் வைத்துக்கொள்வது அதன் இயல்பிலேயே இருக்கிறது. இந்த மழைக்காலம் முடியும் வரை நானும் எஸ்பில்டைத் தொடப் போவதில்லை, பதிவேற்றும் நாளுக்கு முந்திய இரவில் ஒரு முறையைத் தவிர.