பால்-சீட் கிட் மட்டும் மாத்தணுமா, இன்லெட் வால்வை முழுசா மாத்தணுமா?

ஏர்லெஸ் ஸ்ப்ரேயர் (காத்து கலக்காம பம்ப் பிரஷர்லயே பெயிண்ட் அடிக்கிற மிஷின்) பெயிண்டை இழுக்கலையா? புது பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி கழட்டிப் பாருங்க. பெயிண்டை உள்ளே இழுக்கிற இன்லெட் வால்வுல ஒரு சின்ன உருண்டையும் (பால்), அது உட்காரும் வளையமும் (சீட்) இருக்கும். காய்ந்த எமல்ஷன் பெயிண்ட்ல அந்த பால் ஒட்டிக்கிட்டு இருக்கும், நிறைய கேஸ் இதுதான். ஆனா முதல்ல பிரஷரை முழுசா இறக்கிடுங்க. 3000 பிஎஸ்ஐ வரைக்கும் போற மிஷின். தோலுக்குள்ள பெயிண்ட் ஏறினா நேரா ஆஸ்பத்திரிதான்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது பிரஷர் நிக்கலைன்னா கோளாறு இன்லெட் பக்கம். மேலே ஏறும்போதுன்னா பேக்கிங்கையோ (பிஸ்டனைச் சுத்தி கசிவைத் தடுக்கிற வளையங்கள்) பிஸ்டன் வால்வையோ பாருங்க. அப்போ கிட்டா, முழு இன்லெட் வால்வாங்கிற இந்த ஒப்பீடே வேண்டாம்.

செலவு: பால், சீட், ஓ-ரிங் (கசிவைத் தடுக்கிற வளையம்) சேர்ந்த கிட் மலிவு. முழு வால்வுக்கு ஹவுஸிங் (வெளிக்கூடு) விலையும் சேரும்.

உழைப்பு: முழு வால்வு திருகி மாட்டினா முடிஞ்சது. கிட்டுக்குப் பொறுமை வேணும். சீட் உட்காரும் இடத்துல துளி பெயிண்ட் செதில் இருந்தாலும் கசியும். நான் நகத்தால தடவிப் பார்த்துதான் மாட்டுவேன்.

ஆயுள்: ஹவுஸிங் நல்லா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான். சில மாடல்ல கார்பைடு (ரொம்பக் கடினமான பொருள்) சீட்டைத் திருப்பிப் போட்டே இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம்; மேனுவல்ல பார்த்துக்குங்க. பழைய பாலை மட்டும் புது சீட்டோட சேர்க்காதீங்க.

மரை தேஞ்சிருந்தா, உள்சுவர்ல கோடு விழுந்திருந்தா, கிட் வாங்குறது வீண். சைட்ல ஆள் காத்திருக்கும்போதும் முழு வால்வுதான். மத்தபடி என் ஓட்டு கிட்டுக்கே, கூட ஒரு புது ஸ்ட்ரெய்னர் (பெயிண்ட் வடிகட்டி) வலையும்.